மாடியேறிப் போன தொடர்கதை

என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அந்தக் கோடையில், எனக்கு மேல்வீட்டுக்காரியைக் கண்டாலே ஆகவில்லை. இத்தனைக்கும் அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. உறைமோர் கேட்டால் கிண்ணம் நிறையக் கொடுப்பாள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இடுப்பில் குழந்தையோடு என் காய்கறிப் பையையும் வாங்கிக்கொண்டு படியேறுவாள். அப்படிப்பட்டவளை வெறுக்கத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது.

பூனாவின் ஓரத்தில் இருக்கிற வாகடுக்கு நாங்கள் குடிவந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். அதற்கு முன்பு கட்கியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். என் கணவர் தளேகாவில் ஒரு தனியார் ஆலைக்கு மாறியபோது இங்கே வீடு வாங்கினோம். கட்டடம் முழுக்க ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சின்னஞ்சிறுசுகள். எங்களுக்கு நேர் மேலே இருந்தவள் கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதிருக்கும். அவளும் அந்த வேலையில் இருந்தவள்தான். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். தமிழும் படிப்பாள், இங்கிலீஷும் படிப்பாள். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. நான் வேலூர்ப் பக்கம், பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டுக் கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்தவள். என் இங்கிலீஷ் பாங்கில் பணம் கட்டுவதோடு சரி.

மகள் சேர்ந்தது ஊர் நடுவில், பழைய வெள்ளைக்காரர் பகுதியான கேம்ப்பில் உள்ள ஒரு கல்லூரியில். நுழைவுத் தேர்வு எழுதிக் கிடைத்த இடம். சேர்க்கை முடிந்த அன்று ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரி, புதிதாகச் சேருகிற அத்தனை பிள்ளைகளும் விடுமுறையில் அந்த ஒரே நாவலைப் படித்துவிட்டு வர வேண்டுமாம். கல்லூரி திறந்ததும் வட்டமாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்களாம்.

“இதுக்கு மார்க் உண்டா?” என்று கேட்டார் என் கணவர்.

“இல்லப்பா.”

“அப்புறம் இன்னாத்துக்குப் படிக்கணும்?”

“அரே அப்பா, ஃபர்ஸ்ட் டே யாரையும் யாருக்கும் தெரியாது இல்ல? எல்லாரும் ஒரே புக் படிச்சிருந்தா பேச ஒண்ணு இருக்கும்.”

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. அவளுக்கு உள்ளுக்குள் உதறல். கேம்ப் பக்கத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே இங்கிலீஷில் அழுதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தான் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் அந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து படித்தாள்.

இரண்டு நாள் கழித்து நான் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, ஸ்டோரி சொல்லட்டுமா?” என்றாள்.

“உன் இங்கிலீஷ் கதை எனக்கு இன்னாத்துக்குடி? நாலு தண்டை ஆய்ஞ்சு குடு.”

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்க அவளை நான் எத்தனை முறை உட்கார வைத்திருக்கிறேன்! ‘எல்லாம் ஜிலேபி மாதிரியே இருக்கு’ என்று சிரித்துவிட்டு ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் படித்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், அதுவும் பாதி இந்தி கலந்து. அம்மா வாழ்நாள் முழுக்கப் படித்த எதையும் திறந்துகூடப் பார்க்காதவள், எவனோ எழுதிய கதையை என் தலையில் கட்ட வந்தால் எனக்குக் கோபம் வராதா?

அவள் நாலு தண்டு ஆய்ந்து கொடுத்துவிட்டு எழுந்து போனாள். போனவள் நேரே மாடிக்குப் போனாள்.

குழந்தையைக் கொஞ்சப் போகிறேன் என்பதுதான் சாக்கு. தினமும் சாயங்காலம் கையில் அந்தப் புத்தகத்தோடு போவாள். மேலே பால்கனியில் இருவரும் உட்கார்ந்து பேசுவது எங்கள் பால்கனிக்கு முணுமுணுப்பாகக் கேட்கும். நடுநடுவே சிரிப்பு. என் மகள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கீழே வந்ததும், “இன்னா அப்படி ஒரு சிரிப்பு?” என்று கேட்பேன். “ஒண்ணுமில்லம்மா, புக் விஷயம்” என்பாள். புக் விஷயமாம். நான் என்ன, புக்கையே பார்க்காதவளா?

தொண்ணூறுகளில் கட்கியில் இருந்தபோது என் வாரமே ஒரு பத்திரிகையைச் சுற்றித்தான் ஓடியது. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து கேம்ப்பில் ஒரே ஒரு கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும் என் கணவர் அதையும் வாங்கிவருவார். கறியை ஊறப்போட்டுவிட்டு முதலில் தொடர்கதையைத்தான் படிப்பேன். படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் நமநமக்கும். அவரிடம் சொன்னால், “இன்னுமா முடியல அந்தக் கதை?” என்பார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மராத்திக்காரியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லப் பார்ப்பேன். தலையை ஆட்டுவாள். பாதியில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், கதை அதோடு போய்விடும். அடுத்த ஞாயிறு வரைக்கும் எல்லாவற்றையும் நானே நினைத்து, நானே கோபப்பட்டு, நானே சமாதானம் ஆகிக்கொள்வேன்.

கதை முடிந்ததும் அந்தந்த வாரத்துப் பக்கங்களைக் கிழித்தெடுத்து அடுக்கி பைண்டு போடக் கொடுப்பேன். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். புத்தகமாக வந்தால் வாங்க யாருக்கு வசதி? தைத்து அட்டை போட்டுவிட்டால் அதுதான் புத்தகம். கேம்ப்பில் ஒரு பைண்டுக்காரர் இருந்தார். தமிழ் தெரியாதவர், அதனால் எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொரு முறையும் அம்புக்குறி போட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படி வெந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் ஒருநாள், மழை வரும்போல இருக்கவே பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே என் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

“பட் ஆன்ட்டி, டெய்லி அவருக்குச் சாப்பாடு போடறாங்க. ஆனா உள்ள மட்டும் விட மாட்டேங்கறாங்க. எதுக்கு? இது பனிஷ்மென்ட்டா?”

“அப்படி இல்லீங் கண்ணு. பசிச்சு வந்தவனுக்குச் சோறு போடறது ஒண்ணு, புருஷன்னு உள்ளார கூப்பிடறது ஒண்ணு.”

என் கையில் இருந்த துண்டு கீழ்வீட்டுக்காரர் தலையில் போய் விழுந்தது. அவர் மராத்தியில் ஏதோ கத்தினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அட கடவுளே, அது என் இட்லிக்கடைக்காரி! புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போன பிறகு இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிற ஒருத்தியின் கதை. வருஷக்கணக்கில் கழித்து அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் விரட்டவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. மத்தியானம் ஆனால் வாசற்படியிலேயே தட்டில் சோறு போடுகிறாள், அவன் சாப்பிட்டு எழுந்ததும், “நாளைக்கு வா” என்கிறாள். கட்கியில் ஞாயிறு ஞாயிறாக நான் படித்து, பைண்டு போட்டு வைத்திருக்கிற கதை!

மகள் கீழே வந்ததும் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கினேன். “இது தமிழ்க் கதையாடி?”

“ஹா, ட்ரான்ஸ்லேஷன்தான். இதோ, உள்ள போட்டிருக்கு பாரு.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீதானேம்மா இங்கிலீஷ் கதை வேணாம்னு சொன்னே!”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் அலைந்தது நானா, அவளா என்று எனக்கே புரியவில்லை. நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, சிவப்பு அட்டை போட்ட என் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தேன். கண் அகல அவள் அதைப் புரட்டியதைப் பார்க்க வேண்டுமே! ஓரத்தில் பழைய ஊறுகாய் விளம்பரம், சோப்பு விளம்பரம், நடுவில் படம் போட்ட கதை.

“அம்மா! இது ஒரிஜினலா? உன்கிட்டயே இருந்துச்சா?” என்று கத்தினாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வா, உட்கார், நான் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, கண்ணாடியைத் தேடினேன். கிடைத்துத் திரும்பிப் பார்த்தால் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

“ஆன்ட்டிகிட்ட காட்டிட்டு வர்றேன்மா! அவங்களுக்கு ரெண்டும் தெரியும் இல்ல? இங்கிலீஷ் ஒரு லைன், தமிழ் ஒரு லைன் வச்சுப் பாக்கலாம்!”

கதவு சாத்திக்கொண்டது. நான் கண்ணாடியும் கையுமாக நின்றேன்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அது என் வீட்டிலேயே நடந்தது. புத்தகம் என்னுடையது, மகள் என்னுடையவள். படித்துக் காட்டிப் பெயர் வாங்குகிறவள் மேல்வீட்டுக்காரி. மறுநாள் முதல் இரண்டு புத்தகங்களும் சேர்ந்தே மாடியேறின. முணுமுணுப்பு போய் இப்போது அவள் உரக்கப் படிக்கிற சத்தமே கேட்டது. நல்ல குரல்தான், பாவி. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திப் படித்தாள். நான் பருப்பைத் தாளிக்க மறந்து பால்கனியில் நின்று கேட்டேன்.

“உனக்கு வயித்தெரிச்சலா?” என்று கேட்டார் என் கணவர்.

“ஆமா, எரியுது. இப்ப இன்னா?”

“மோர் குடி” என்றார்.

ஒருநாள் சாயங்காலம் மகள் சீக்கிரமே இறங்கி வந்துவிட்டாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்து, “அம்மா, உன் புக்ல ஒரு வாரம் மிஸ்ஸிங்” என்றாள்.

எனக்குத் தெரியும். ஒரு ஞாயிறு பத்திரிகை வந்து சேரவில்லை. கடைக்காரர், மழையில் ரயில் நின்றுவிட்டது என்றோ என்னவோ சொன்னார். அதற்கு முந்தைய வாரம் புருஷன் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அடுத்து எனக்குக் கிடைத்த வாரத்தில் ஆள் இல்லை, வாசல் காலி.

“தெரியும். அந்தப் படுபாவி மறுபடியும் ஓடிட்டான். திருட்டு நாயி, தின்ன சோத்துக்காவது...”

“ஓடல அம்மா.”

மாவுக் கையோடு நின்றேன். அவள் தன் உடைந்த தமிழில், வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அன்றைக்கு அவன் சாப்பிட்டு முடித்து, தன் தட்டைத் தானே கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தானாம். வைத்துவிட்டு, தினமும் அவள் சொல்வாளே, ‘நாளைக்கு வா’, அதற்காக நின்றானாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டானாம்.

“அவங்கதான் சொல்லல. அவர் வெயிட் பண்ணாரு.”

எத்தனை வருஷமாக அவனைத் திட்டியிருக்கிறேன்! இட்லி ஊற்றும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். “ஐயோ, நின்னானா?” என்றேன். அவள் தலையசைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், அவள் மேடை மேலே, நான் மாவுக் கையோடு. என் மகள் எனக்குக் கதை சொல்கிறாள், நான் கேட்கிறேன். இதைத்தானே நான் அந்தக் கோடை முழுக்க ஆசைப்பட்டேன்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். “ஆன்ட்டிதாம்மா கண்டுபிடிச்சாங்க. ‘உங்கம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்காது, போய் முதல்ல அவங்ககிட்ட சொல்லு’ன்னு என்னை அனுப்பினாங்க” என்றாள்.

மாவை ஓங்கி ஒரு குத்து விட்டேன். அன்றைக்குச் சப்பாத்தி நன்றாக உப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூலையில் கல்லூரி திறந்தது. முதல் நாள் மழையில் பஸ் மாறி மாறிப் போனாள். திரும்பி வருகிறவரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் பல்லாக வந்தாள். துவட்டிக்கொள்ளக்கூட இல்லை, கொட்டித் தீர்த்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்களாம். நாசிக்கிலிருந்து வந்த ஒரு பையன், அந்தப் பொம்பளை கல்நெஞ்சக்காரி என்றானாம். டெல்லிப் பெண் ஒருத்தி, சோறு போட்டதே முட்டாள்தனம் என்றாளாம். வாயே திறக்கக் கூடாது என்று நினைத்துப் போன என் மகள், தன்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டாளாம். “‘போ’ன்னு சொல்றது வேற, ‘வா’ன்னு சொல்லாம இருக்கறது வேற, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்கன்னு சொன்னேம்மா. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் ஒரே சண்டை! பீரியட் முடிஞ்சும் விடல, கேன்டீன்ல வடாபாவ் திங்கும்போதும் அதே சண்டை!”

“தமிழ்ல இருக்கற புத்தகத்தைப் பத்திச் சொன்னியா?”

“ஹா, சொன்னேனே. ‘வீட்ல ஒரிஜினல் இருக்கு’ன்னேன். எல்லாருக்கும் ஷாக்.”

வீட்டில் இருக்கிறதாம். ஃபிரிட்ஜ் இருக்கிற மாதிரி, மிக்ஸி இருக்கிற மாதிரி.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஊர் வேறு, பாஷை வேறு, அப்பன் சம்பாத்தியம் வேறு என்று வந்த பிள்ளைகள் ஒரே நாளில் சிநேகிதமாகிவிட்டதற்கு அந்த ஒரு புத்தகம்தான் காரணம். எல்லோரும் தனித்தனியாக ஒரே வாசலில் போய் நின்றுவிட்டு வந்தவர்கள். பேச்சைத் தொடங்க வேறென்ன வேண்டும்? அதை நினைக்கையில் எனக்கு மேல்வீட்டுக்காரியின் மேல் இருந்த எரிச்சலே சின்னதாகிவிட்டது. அந்த நாற்காலி வட்டத்தின் மேல்தான் பொறாமை பொறாமையாக வந்தது. அதே கதையை நான் படித்தபோது எனக்கு ஒரு நாற்காலி கூட எதிரில் இல்லையே! அவன் வாசலில் வந்து நின்ற அந்த வாரத்தைப் படித்துவிட்டுச் சொல்ல ஆளில்லாமல் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்கினேன்.

அதன் பிறகு மகளை வீட்டில் பிடிக்க முடியவில்லை. நாசிக்காரன், டெல்லிக்காரி, இன்னும் யார் யாரோ, எந்நேரமும் ஃபோன். மாடிக்குப் போவது நின்றுபோனது. எனக்கும் கதை சொல்ல வருவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் மேல்வீட்டுக்காரி, இடுப்பில் குழந்தை, கையில் என் சிவப்பு அட்டைப் புத்தகம்.

“இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க்கா. பாப்பா இப்பல்லாம் மேல வர்றதே இல்லீங்களே” என்றாள். முகம் வாடியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. அப்பாடா, உனக்கும் அல்வாதானா! வெளியில் மட்டும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “காலேஜ் பொண்ணு இல்ல, அப்படித்தான்” என்றேன்.

புத்தகத்தைக் கொடுத்தவள் போகவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“ஏனுங்க்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? அவ ‘நாளைக்கு வா’ன்னு சொல்லாம வுட்டது சரின்னு நெனைக்கறீங்களா?”

‘முடிந்ததா’ என்று கேட்டிருக்கிறார்கள், ‘அதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறார்கள். படித்த கதையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதே இல்லை.

“உள்ள வா” என்றேன். “சரிதான்னு சொல்றியா நீ? எப்படிச் சரியாவும்? தட்டைக் கழுவி வச்சவன்மா அவன்!”

“தட்டைக் கழுவிட்டா ஆச்சுங்களா? அத்தனை வருசம் அவ அடுப்புல வெந்தது?”

“வெந்தா! யாரு இல்லன்னது? ஆனா அத்தனை நாளு ‘வா வா’ன்னு சொல்லிக்கினு இருந்தவ, அவன் திருந்தின அன்னிக்கிப் பார்த்து வாயை மூடிக்கினா, அது இன்னா நியாயம்?”

“அதேதானுங்க்கா! திருந்தற வரைக்கும்தான் அவளுக்குப் பயமில்ல. திருந்திட்டான்னா உள்ளார கூப்பிட்டே ஆவணுமில்லீங்களா?”

அடி ஆத்தி! இது எனக்குத் தோன்றவே இல்லையே. தோன்றவில்லை என்பதற்காக விட்டுவிடுவேனா? இன்னும் உரக்கப் பேசினேன். அவளும் விடவில்லை. போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. குழந்தை என் சாவிக்கொத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவள் சொல்வது தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுந்து போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

கதவு திறந்திருந்திருக்க வேண்டும். எப்போது வந்தாளோ தெரியாது, மகள் பையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் எப்போலேர்ந்து பேசறீங்க?” என்றாள்.

“இப்பத்தான்” என்றேன் நான்.

“அம்மா, இதெல்லாம் நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கலியேடி.”

அவள் என்னைப் பார்த்தாள், மேல்வீட்டுக்காரியைப் பார்த்தாள், எங்களுக்கு நடுவில் விரிந்து கிடந்த, தன்னால் படிக்க முடியாத புத்தகத்தைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிதுங்கியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கோடை முழுக்க நான் மாட்டிக்கொண்டு திரிந்த முகம் அது. பெற்ற வயிறு, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

சோபாவில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். உடனே இல்லை, கொஞ்சம் கழித்து.